அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பவும்

ஜூன் 3, திங்கள்

கடிகாரத்தை விற்பனைக்குப் போட்டேன். பொறியியல் கல்லூரி ஒன்றின் அலுவலகத்தைக் கால் நூற்றாண்டு தூக்கி நிறுத்தியவனுக்கு அவர்கள் கொடுத்து அனுப்பியது இந்தச் சுவர்க் கடிகாரம். நடுவில் தாளாளரின் முகம், சுற்றிலும் எண்கள். பத்து மணி பத்து நிமிடத்துக்கு அவருக்கு முறுக்கு மீசை முளைத்ததுபோல் இருக்கும். என் நாற்காலியில் இப்போது அவருடைய மருமகன். நான் பொருளாதாரத்தில் முதுகலை. மருமகன் என்ன படித்தான் என்பது மருமகனுக்கே சந்தேகம்.

விளம்பரத்தில் இப்படி எழுதினேன்: "சுவர்க் கடிகாரம். நேரம் சரியாகக் காட்டும். முகத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்."

வடிவு படித்துவிட்டு, "கடைசி வரிய எடுத்துடுங்க. ஊர்ல நமக்குப் பகை போதாதா?" என்றாள்.

எடுத்தேன்.

ஜூன் 5, புதன்

"இது இன்னும் இருக்கிறதா?" என்று வரிசையாகக் கேள்விகள். இருக்கிறது என்று எல்லோருக்கும் பதில் எழுதினேன். ஒருவரும் திரும்ப வரவில்லை. பிறகுதான் புரிந்தது, அது யாரும் கேட்கும் கேள்வி அல்ல. செயலியே ஒரு பொத்தானாக வைத்திருக்கிறது. பேருந்துக்குக் காத்திருப்பவன் பொழுது போகாமல் அதை அழுத்திவிட்டுப் போய்விடுகிறான். இங்கே நான் கடிகாரத்தைத் துடைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இதே தளத்தில் பல ஆண்டுகளுக்கு முன் என் ஸ்கூட்டரை விற்றேன். அப்போது விளம்பரத்தில் நம் பெயர் இருக்கும், தொலைபேசி எண் இருக்கும், தெருப் பெயர் கூட இருக்கும். லால்குடியிலிருந்து ஒருவர் மனைவியோடு வந்தார். வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வடிவு காபி கொடுத்தாள். அந்த அம்மாள் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்த பிறகுதான் சாவியை வாங்கிக்கொண்டார்கள். அடுத்த பொங்கலுக்கு, "சார், வண்டி நல்லா ஓடுது" என்று ஒரு தொலைபேசி.

இப்போது எண் காட்டுவதில்லை. பாதுகாப்பாம். எல்லோரும் முகமூடியோடு எல்லோரையும் சந்தேகப்படலாம். இதற்குப் பெயர் முன்னேற்றம்.

ஜூன் 6, வியாழன்

கடிகாரத்துக்கு ஒருவன் பேரமே பேசாமல் ஒப்புக்கொண்டான். எல்லையில் ராணுவத்தில் இருக்கிறானாம். ஒரு சதுரக் கட்டத்தை அனுப்பி, "இத ஸ்கேன் பண்ணுங்க சார், பணம் உங்களுக்கு வந்துடும்" என்றான். பணம் வாங்குவதற்கு நான் ஏன் ஸ்கேன் செய்ய வேண்டும் என்று கேட்டேன். "நாட்டுக்காக உழைக்கிறவங்கள நம்ப மாட்டீங்களா?" என்றான்.

தாளாளரின் முகத்துக்காக எல்லையிலிருந்து ஒருவன் ஆசைப்பட்டபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. புகார் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் அவன் கணக்கு மறைந்தது.

சொல்லப்போனால், இந்த ஆண்டில் நான் சொல்லி நடந்த முதல் காரியம் இதுதான்.

ஜூன் 8, சனி

இன்றும் சில புகார்கள். வியாபாரியாக இருந்துகொண்டு, "வீட்டு உபயோகப் பொருள், ஒரே கை" என்று போடுகிறவர்கள். ஒரே சோபாவை மூன்று பெயரில் விற்கிறவர்கள். அடுத்தவன் எடுத்த படத்தைத் திருடிப் போட்டு முன்பணம் கேட்கிறவர்கள். காசு கட்டியவன் விளம்பரம் மேலே நிற்கிறது. என்னைப் போன்றவன் விளம்பரம் மூன்றாம் நாளே கிணற்றுக்கு அடியில்.

"ஒங்களுக்கு யாரும் சம்பளம் தர்றாங்களா?" என்றாள் வடிவு.

"யாராவது செய்யணும்ல."

"அத விட்டுட்டு அந்தக் கொழாய் வாஷர மாத்துங்க. அதையும் யாராவது செய்யணும்."

மாற்றினேன். இன்னும் சொட்டுகிறது.

ஜூன் 9, ஞாயிறு

வடிவு கீரை ஆய்ந்துகொண்டே, என்னிடம் சொல்வதுபோல் இல்லாமல் கீரையிடம் சொல்வதுபோல் சொன்னாள்.

"பொன்மலை மாமா வீட்டை வித்துட்டாராம். மாசக் கடைசியில சாவி குடுக்கணுமாம். முப்பதாந்தேதி ரயில் ஏறி நாக்பூர்ல மாறன் வீட்டுக்கே போயிடறாராம். இனிமே இந்தப் பக்கம் வர்றது இல்லன்னு மாறன் சொன்னான்."

மாறன் என்பது அவர் மகன். பொன்மலை மாமா என்பது என் உடன்பிறந்தவர், திருஞானசம்பந்தம். எனக்கு ஏழு வயது மூத்தவர். ரயில்வே பணிமனையில் இருந்து ஓய்வு பெற்றவர். இதே ஊரில், ஒரே பேருந்தில் போகும் தூரத்தில் இருக்கிறார். ஒன்பது ஆண்டுகளாக நாங்கள் பேசுவதில்லை. இந்த நாட்குறிப்பில் அவரைப் பொன்மலைக்காரர் என்றே எழுதி வருகிறேன். மாற்றும் உத்தேசம் இல்லை.

"போனா போகட்டும்" என்றேன்.

"நான் ஒண்ணும் சொல்லலையே" என்றாள்.

ஜூன் 10, திங்கள்

இன்று செயலியில் ஒன்று கண்ணில் பட்டது. எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

"கேரம் போர்டு. பழசு. காயின்களுடன்." விற்பவர் பெயர் இருக்கும் இடத்தில் 'எஸ்' என்று ஓர் எழுத்து. பொன்மலைப்பட்டி அருகில். புதிய கணக்கு. கூடவே பீரோ, கிரைண்டர், இரண்டு கட்டில்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது பக்கக் குழிக்குப் பக்கத்தில் இஸ்திரிப் பெட்டி வைத்துக் கருகிய தழும்பு. எங்கள் வீட்டுப் போர்டிலும் அதே இடத்தில் அதே தழும்பு. அம்மா பள்ளிக்கூடச் சட்டையைத் தேய்க்க மேசை கிடைக்காமல் அதன்மேல் வைத்துத் தேய்த்தபோது விழுந்தது. அந்தப் போர்டில்தான் நானும் பொன்மலைக்காரரும் வளர்ந்தோம். நான் பள்ளிக்கூடத்தில் கற்றதைவிட அதில் கற்றது அதிகம், குறிப்பாகத் தோற்பது.

ஆனால் படத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. படத்தைத் திருடுகிறவர்களைத்தானே நாள் முழுக்கப் பார்க்கிறேன். அசலா என்று அறிய ஒரே வழிதான். அந்தப் போர்டின் அடிப்பக்கத்தில் ஒரு வரி எழுதியிருக்கும். அது என்ன என்று இங்கே எழுதப் போவதில்லை.

எனக்குப் போர்டு மட்டும்தான் வேண்டும். அது பொதுச் சொத்து. வீட்டுச் சாமான்களைப் பிரித்தபோது கேட்காமல் விட்டது என் பெருந்தன்மை.

ஜூன் 11, செவ்வாய்

'கிரிதர்' என்ற பெயரில் ஒரு கணக்கு தொடங்கினேன். செயலி கொடுத்த வசதிதானே. எல்லோரும் முகமூடி போடும்போது நான் மட்டும் ஏன் முகத்தைக் காட்ட வேண்டும்?

இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். உடனே பதில்: "இருக்கு."

எத்தனை ஆண்டுகள் பழையது?

"நாப்பது வருஷத்துக்கு மேல. காயின் நல்லா ஓடும்."

விலை அதிகம் என்று எழுதினேன். அதிகம் இல்லை. ஆனாலும் எழுதினேன்.

"பாத்து குடுங்க. ஆடுறவங்களுக்கு மட்டும்தான் குடுக்கறதா இருக்கேன். நீங்க ஆடுவீங்களா?"

அதற்குப் பதில் எழுதவில்லை. "அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பவும்" என்று எழுதினேன்.

பார்த்துவிட்டதற்கான இரண்டு கோடுகள் விழுந்தன. பதில் வரவில்லை.

ஜூன் 12, புதன்

பதில் இல்லை. காலையிலிருந்து நாலைந்து முறை பார்த்தேன். அரிசி வாங்கப் போய் வரிசையில் நின்று பார்த்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் புழுங்கலுக்குப் பதில் பச்சரிசி வாங்கியிருப்பது தெரிந்தது.

"யாரோடயாவது பேசிக்கிட்டு இருக்கீங்களா?" என்றாள் வடிவு.

"கடிகாரத்துக்கு ஆள்."

"அந்த மூஞ்சிக்கா?"

ஜூன் 13, வியாழன்

மதியம் பதில் வந்தது. நான்கே சொல்.

"நேர்ல வந்து பாத்துக்கங்க தம்பி."

தம்பி என்றது பொதுவாகச் சொன்னது. ஊரில் எல்லோரும் எல்லோரையும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

படம் இல்லாமல் வர இயலாது என்று எழுதினேன். தூரம் என்றேன். அலுவலகத்தில் விடுப்புக் கிடைக்காது என்றேன். கிரிதருக்கு அலுவலகம் இருக்கிறது.

ஜூன் 14, வெள்ளி

"ஞாயித்துக்கெழம வாங்க. வீட்லதான் இருப்பேன். காபி போட்டு தர்றேன்."

காபி போட்டுத் தருவாராம்.

எழுதி வைத்துவிடுகிறேன், இல்லையென்றால் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். அம்மா இறந்த அன்று நான் கல்லூரி வேலையாக ஐதராபாத்தில் இருந்தேன். காலையில் செய்தி வந்தது. கிடைத்த ரயிலில் ஏறினேன், வழியில் எங்கோ தண்டவாளத்தில் நீர் ஏறி நின்றுவிட்டது. ஒவ்வொரு நிலையத்திலிருந்தும் பேசினேன். வந்துகொண்டிருக்கிறேன், வந்துகொண்டிருக்கிறேன் என்று சொன்னேன். நான் தெருவுக்குள் நுழைந்தபோது வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். வாசலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பொன்மலைக்காரர் ஈர வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். "எடுத்தாச்சுடா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். யாரோ எனக்குக் காபி கொண்டுவந்து நீட்டினார்கள்.

நான் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் மனைவி காலமானபோது வடிவு போனாள். எனக்குக் காய்ச்சல்.

ஜூன் 15, சனி

'எஸ்' கணக்கின்மேல் புகார் கொடுத்தேன். காரணம்: சந்தேகத்துக்குரிய விற்பனையாளர், போலிப் படம். கேட்ட படத்தை அனுப்ப மறுக்கிறார், வீட்டுக்கு வரச் சொல்லி வற்புறுத்துகிறார். புதிய கணக்கு, அடுத்தடுத்து நிறையப் பொருள்கள். விதிப்படி எல்லா அடையாளமும் பொருந்துகிறது. இதில் தனிப்பட்ட விருப்பு வெறுப்பு எதுவும் இல்லை.

மாலை கணக்கு முடக்கப்பட்டது. "சந்தையைப் பாதுகாக்க உதவியதற்கு நன்றி" என்று செய்தி.

இரவுச் சாப்பாடு வேண்டாம் என்றேன். வயிறு சரியில்லை.

ஜூன் 17, திங்கள்

வடிவு மாறனோடு தொலைபேசியில் பேசிவிட்டு வந்தாள்.

"பாவம், மாமாவோட அக்கவுண்ட முடக்கிட்டாங்களாம். யாரோ புகார் குடுத்துட்டாங்களாம். பீரோவுக்கு ஒரு டீச்சர் வர்றேன்னு சொல்லியிருந்தாங்களாம், இப்ப அவங்கள எப்படிப் பிடிக்கிறதுன்னு தெரியலயாம். நம்பர்தான் கிடையாதே. பாதி சாமான் அப்படியே நிக்குதாம்."

"சந்தேகப்படும்படி ஏதாவது செஞ்சிருப்பார்."

"என்ன செஞ்சாராம்?"

"எனக்கெப்படித் தெரியும்? படம் கேட்டிருப்பாங்க, அனுப்பியிருக்க மாட்டார். வீட்டுக்கு வாங்கன்னு சொல்லியிருப்பார்."

 வடிவு உலையில் அரிசியைப் போடப் போனாள். அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"ஏமாத்துறவன் எவனாவது வீட்டுக்கு வாங்கன்னு கூப்புடுவானா?"

ஜூன் 18, செவ்வாய்

வாஷரை மறுபடி மாற்றினேன்.

ஜூன் 19, புதன்

புகாரைத் திரும்பப் பெற என்ன வழி என்று தேடினேன். ஒரு பொதுவான அறிவுத் தேடல்தான். வழியில்லை. புகார் கொடுக்க ஒரு பொத்தான். திரும்பப் பெற ஒரு பெண். அவள் பெயர் மீரா. பெண்ணும் இல்லை, இயந்திரம்.

"வணக்கம், நான் மீரா. உங்களுக்கு எப்படி உதவலாம்?"

ஒருவர்மேல் தவறாகப் புகார் பதிவாகிவிட்டது, கணக்கைத் திறந்துவிடவும்.

"புகார் அளிக்க விரும்புகிறீர்கள். யார்மேல்?"

இல்லை, ஏற்கெனவே அளித்த புகாரை நீக்க வேண்டும்.

"புரிகிறது. உங்கள் பாதுகாப்பே எங்கள் முதல் நோக்கம். வேறு ஏதாவது புகார் உண்டா?"

காலை முழுவதும் இப்படியே. ஒரு மனிதர் கிடைத்தால் திட்டவாவது செய்யலாம். கல்லூரியில் என்னைப் பார்க்க வரும் மாணவர்களை, அடுத்த வாரம் வா, படிவம் சரியில்லை, போய் எழுதி வா என்று நானும்தான் அனுப்பியிருக்கிறேன். ஆனால் குறைந்தபட்சம் முகத்தைப் பார்த்து அனுப்பினேன்.

ஜூன் 20, வியாழன்

மறுபடி மீரா. பலன் இல்லை.

ஜூன் 22, சனி

பொன்மலைக்காரர் மிச்ச சாமான்களை மொத்தமாகப் பாலக்கரை பழைய சாமான் கடைக்காரர் ஒருவருக்குத் தள்ளிவிட்டாராம். வந்த விலைக்கு. வடிவு சொன்னாள். மொத்தமாக என்றால் எல்லாமேவா என்று கேட்டேன்.

"எல்லாம்னா எல்லாந்தான். நீங்க ஏன் கேக்குறீங்க?"

"சும்மாதான்."

ஜூன் 24, திங்கள்

வந்துவிட்டது. கட்டணம் கட்டிய விளம்பரம், எல்லாவற்றுக்கும் மேலே நிற்கிறது. "விண்டேஜ் கேரம் போர்டு, தேக்குச் சட்டம், அரிய பொருள்." விலை மூன்று மடங்கு. விற்பவர் ரொசாரியோ அண்ட் சன்ஸ், பாலக்கரை. கீழே ஒரு குறிப்பு: "காயின் இல்லை. பின்பக்கம் லேசான கிறுக்கல் உள்ளது, பாலிஷ் போட்டுத் தரப்படும்."

அடிப்பக்கத்தின் படம் போட்டிருந்தார்கள். யாரும் கேட்காமலேயே.

நீல எனாமல் பெயிண்டில், அம்மாவின் கோணல் எழுத்து. வாசற்கதவுக்குப் பூசியதில் மிஞ்சிய பெயிண்ட். நான் தோற்றுவிட்டுக் காய்களைப் பொன்மலைக்காரர்மேல் எறிந்து, அவர் நெற்றியில் ரத்தம் வந்த அன்று எழுதியது.

"சண்டை போட்டால் இது அடுப்புக்கு. இப்படிக்கு அம்மா."

அப்புறம் எப்போது சண்டை வந்தாலும் அவள் ஒன்றும் பேச மாட்டாள். வந்து போர்டைத் திருப்பிப் போட்டுவிட்டுப் போவாள்.

ரொசாரியோவுக்குச் செய்தி அனுப்பினேன்: பாலிஷ் போட வேண்டாம். செயலி சொன்னது: "விற்பனையாளர் பொதுவாக ஒரு நாளுக்குள் பதில் அளிப்பார்."

ஒரு நாள் எல்லாம் காத்திருக்க முடியாது. சட்டையை மாட்டிக்கொண்டேன். கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டேன், விலையில் கழித்துக்கொள்ளலாம் என்று.

"எங்க கெளம்பிட்டீங்க இந்த வெயில்ல?"

"கடிகாரத்துக்கு ஆள்."

அதே நாள், மாலை

ரொசாரியோவின் கடை, தேவாலயத்துக்குப் போகும் சந்தில் இருக்கிறது. வாசல்வரை கட்டில் கால்கள். ரொசாரியோ என் வயதுக்காரர், வெற்றிலை போட்டிருந்தார். போர்டு சுவரில் சாய்த்திருந்தது. பக்கத்தில் உப்புத்தாள் தயாராக.

"தொட்டுட்டீங்களா?"

"இப்பதான் சார் ஆரம்பிக்கப் போறேன். கிறுக்கல் போயிடும், பயப்படாதீங்க. புதுசு மாதிரி ஆக்கித் தர்றேன்."

"அது போகக் கூடாது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கிறுக்கலோடயா? சரி, பாலிஷ் கூலி மிச்சம்" என்றார். ஆனால் விலையைக் குறைக்கவில்லை. கடிகாரத்தை நீட்டினேன்.

"ஐயோ, இதுவா" என்று உள்ளே கை காட்டினார். சுவரில் நான்கு தாளாளர்கள் தொங்கினார்கள். "ஒங்க காலேஜ்ல வருஷா வருஷம் ஆள எடுக்குறாங்க போல. ஒருத்தரும் வாங்க மாட்டேங்குறாங்க சார். பேட்டரிக்காகத்தான் எடுத்து வச்சேன்."

என் பேட்டரியையும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். இப்போது அங்கே ஐந்து தாளாளர்கள், ஐந்து வெவ்வேறு நேரத்தைக் காட்டுகிறார்கள். அவமானம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது எனக்கு மட்டும் சொந்தமில்லை என்று தெரிந்ததில் ஓர் அற்ப ஆறுதல்.

"காயின் ஏன் இல்ல?" என்று கேட்டேன்.

"அத ஏன் கேக்குறீங்க. பெரியவர் பீரோவக் குடுத்தாரு, சாமி படம் மாட்டுன ஆணி வரைக்கும் குடுத்தாரு. போர்டத் தூக்குறப்ப காயின் டப்பாவ மட்டும் மடியில வச்சுக்கிட்டாரு. காயின் இல்லாம நான் எப்படிய்யா விப்பேன்னு கேட்டேன். அது விக்கிற சாமான் இல்லன்னுட்டாரு. அப்ப போர்டு மட்டும் விக்கிற சாமானான்னேன். வாசலப் பாத்துக்கிட்டே இருந்தாரு."

முதல் விளம்பரத்தில் காயின்களுடன் என்றுதான் இருந்தது. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

ஆட்டோவில் போர்டை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அதன் விளிம்புக்கு மேல் ஊர் தெரியவில்லை.

வீட்டில் வடிவு போர்டைத் திருப்பினாள். படித்தாள். விரலால் எழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். கேலி செய்வாள் என்று காத்திருந்தேன். செய்தாள்.

"நல்லவேளை, நம்ம வீட்ல கேஸ் அடுப்பு."

ஜூன் 26, புதன்

போர்டு கூடத்தில் இருக்கிறது. காய் இல்லாத போர்டு ஒரு பலகைதான். வெங்காயம் காயவைக்கலாமா என்று வடிவு கேட்டாள்.

ஜூன் 27, வியாழன்

புதுக் காய்கள் வாங்கலாம் என்று கடைத்தெருவுக்குப் போனேன். எல்லாம் பிளாஸ்டிக். வாங்காமல் வந்தேன். மரத்தில் இருந்ததையும் எடுத்துக் காட்டினான். அதையும் வாங்காமல் வந்தேன்.

ஜூன் 28, வெள்ளி

நாளை சனி. நாளை மறுநாள் முப்பது.

ஜூன் 29, சனி

ஆட்டோக்காரரிடம் பொன்மலைப்பட்டி என்றேன். "பலகையெல்லாம் எடுத்துக்கிட்டு எங்க சார், டோர்னமெண்டா?" என்றார். ஆமாம் என்றேன்.

கதவு திறந்தேதான் இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. சுவரில் பீரோ இருந்த இடம் மட்டும் வெளுப்பாக. நடுக்கூடத்தில் பெரிய சூட்கேஸ் ஒன்று, அதற்குப் பக்கத்தில் தரையில் அவர். தலை முழுவதும் நரைத்திருந்தது. எனக்குத் தெரிந்தவருக்கு நரை கிடையாது. என்னையும் பார்த்தார், போர்டையும் பார்த்தார். எழுந்திருக்கவில்லை.

"எவ்வளவுக்குக் குடுத்தான்?"

சொன்னேன்.

"திருட்டுப் பய. எனக்கு அதுல கால்வாசி கூட குடுக்கல." கொஞ்சம் சிரித்தார். "உள்ள வாடா. செருப்பப் போட்டுக்கிட்டே வா, பெருக்கல."

ஒன்பது ஆண்டுகளாக ஒத்திகை பார்த்த பேச்சு ஒன்று இருந்தது. அதற்குள் அவர் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். பாத்திரங்கள் எல்லாம் போய், ஒரு டம்ளரும் ஒரு டவராவும்தான் மிஞ்சியிருந்தன. டம்ளரை எனக்குக் கொடுத்துவிட்டு அவர் டவராவில் குடித்தார். சர்க்கரை அதிகம். அவர் காபி எப்போதுமே பாயசம்.

"அந்த ஞாயித்துக்கெழமயிலேர்ந்து ஒரு பாக்கெட் பால் கூட வாங்குறேன்" என்றார். "தெனம் வாங்குறேன், தெனம் நானே குடிக்குறேன். சுகர் ஏறிப்போச்சு."

டம்ளரைக் காலி செய்து கீழே வைத்தேன்.

"புகார் குடுத்தது நீதான்னு தெரியும்."

"யார் சொன்னது? வடிவா?"

"எதுக்கு வடிவு? கேரம் போர்டு வாங்குறவன் மேல்பக்கத்தப் பாப்பான். அடிப்பக்கத்தக் காட்டுன்னு இந்த ஊர்ல வேற எவன் கேப்பான்?"

"தெரிஞ்சும் ஏன் படம் அனுப்பல நீங்க?"

"அனுப்பியிருந்தா பாத்துட்டுப் போயிருப்ப. வந்திருக்க மாட்ட."

சூட்கேஸைப் படுக்கப் போட்டு அதன்மேல் போர்டை வைத்தோம். ஒரு பக்கம் ஆடியது. அவர் தன் ரயில் சீட்டை மடித்து அடியில் செருகினார். நாளைக்கு வேண்டுமே என்றேன். "போன்லயும் இருக்கு" என்றார். ஜன்னல் மேடையிலிருந்து டப்பாவை எடுத்தார். பழைய பிஸ்கட் டப்பா, அதே டப்பா. சிவப்பை நடுவில் வைத்துக் காய்களை அடுக்கினார். அடிக்கும் ஸ்ட்ரைக்கரை என் பக்கம் தள்ளினார்.

முதல் ஆட்டம் பேசாமல் ஆடினோம். இரண்டாவதன் நடுவில் கேட்டேன். தலையைத் தூக்காமல்தான் கேட்டேன்.

"ஏன் அம்மாவ எனக்காக வெக்கல?"

அவர் குறி பார்த்துக்கொண்டிருந்தார். ஆடவில்லை.

"பங்காளிங்க எல்லாரும் பொழுது சாயறதுக்குள்ள எடுக்கணும்னாங்க. உன் வண்டி எப்ப கெளம்பும்னே தெரியாதுன்னாங்க. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்னு நான் சொல்லியிருக்கலாம். மூத்தவன் நான். சொன்னா கேட்டிருப்பாங்க." ஸ்ட்ரைக்கரை வைத்த இடத்திலிருந்து எடுத்துத் துடைத்தார். "சொல்லல."

"ஏன்?"

"தெரியலடா. அன்னிக்கு யார் என்ன கேட்டாலும் தலைய ஆட்டுனேன். அப்புறம் யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன். ஒரு காரணமும் இல்ல. தப்புதான்."

அவர் சாக்குச் சொன்னால் அதற்கு என்னிடம் பதில் இருந்தது. பழியைப் பங்காளிகள்மேல் போட்டால் அதற்கும் இருந்தது. அழுதால் அதற்கும். ஒன்பது ஆண்டுகளில் எல்லாவற்றுக்கும் பதில் தயாரித்து வைத்திருந்தேன். தப்புதான் என்பதற்குத் தயாரிக்கவில்லை.

"ஒங்க ஆட்டம்" என்றேன்.

ஆடினார். சிவப்புக் காய் விழுந்தது. அதைத் தொடர்ந்து விழ வேண்டிய வெள்ளையும் விழுந்தது.

யார் வென்றது என்று எழுதப் போவதில்லை. அவர்தான்.

கிளம்பும்போது போர்டை அவரே ஆட்டோ வரை தூக்கி வந்தார். காய் டப்பாவையும் கொடுத்தார். திறந்து பார்த்தேன். ஸ்ட்ரைக்கர் இல்லை.

"அது என்கிட்ட இருக்கட்டும்" என்றார். பிறகு தன் எண்ணைச் சொன்னார். ஆட்டோக்காரர் பேனா கொடுத்தார், கையில் எழுதிக்கொண்டேன். விளம்பரத்தில் எண் காட்டாத காலம் இது.

ஜூன் 30, ஞாயிறு

காலையில் வேறு ஒரு வேலையாக ரயில் நிலையம் பக்கம் போனேன். நடைமேடைச் சீட்டு பத்து ரூபாய். மடிப்பு விழுந்த ஒரு சீட்டைப் பரிசோதகரிடம் நீட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் ஜன்னல் வழியே கையை ஆட்டினார். பதிலுக்கு ஆட்டினேன். கூட்டத்தில் தெரிந்திருக்காது.

ஜூலை 2, செவ்வாய்

செயலியிலிருந்து இரண்டு செய்திகள். ஒன்று, ரொசாரியோவுக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று. மற்றொன்று மீரா: "உங்கள் புகார் முடித்து வைக்கப்பட்டது. 'எஸ்' கணக்கு நிரந்தரமாக நீக்கப்பட்டது. உங்களுக்குத் திருப்தியா?"

கிரிதரையும் நீக்கிவிடு என்று எழுதினேன். அதற்கு மட்டும் உடனே கேட்டது.

மாலை வடிவு கூடத்தில் போர்டை வைத்துவிட்டு ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தால் காய்களைத் தள்ளிப் பழகிக்கொண்டிருந்தாள். நன்றாகவே தள்ளுகிறாள். இவளிடமும் தோற்க வேண்டியிருக்கும்.

தொலைபேசியில் செய்தி வந்த சத்தம். நாக்பூரிலிருந்து அண்ணன்.

"போர்டு பத்திரமா இருக்கா? அடிப்பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பு."

வடிவைக் கொஞ்சம் நகரச் சொல்லிப் போர்டைத் திருப்பினேன். படம் எடுத்தேன். நீல எழுத்து தெளிவாக விழுந்திருந்தது. அனுப்பும் பொத்தானில் விரலை வைத்தேன். பிறகு படத்தை அழித்துவிட்டு எழுதினேன்.

"நேரில் வந்து பார்க்கவும். காபி உண்டு."